தோளும் நெஞ்சும் சுமந்தவை

சாமிகொண்டாடி வருமுன்னே அவருடைய மணிச்சத்தம் வந்துவிடும். எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். குலசேகரத்தை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் சுடலைமாடசாமிக்குக் கொடை. நாங்கள் வேதக்காரர்கள். கொடைக்குப் போகக் கூடாது என்பது வீட்டுக் கட்டளை. கையாலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. வில்லுப்பாட்டு முறுகிக்கொண்டே போய் ஓரிடத்தில் சட்டென்று நின்றது. பந்த வெளிச்சத்துக்கு அப்பால் இருட்டிலிருந்து சில்சில்லென்று ஒரு சத்தம் எழுந்தது. அதற்குப் பிறகுதான் ஆள் தெரிந்தார். முழங்கால்வரை சிவப்பு வெல்வெட்டில் சல்லடம், அதன் ஓரம் முழுக்க நெருக்கித் தைத்த சிறு மணிகள், இடுப்பை இறுக்கிய கச்சை, தலையில் கூம்பிய குல்லா. தினமும் விடியுமுன் எங்கள் மரங்களில் பால் வெட்ட வருகிற மாமாதான் அவர். அந்த உடுப்புக்குள் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து ஞாயிறு பள்ளியில் யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தை ஆளுக்கு இரண்டு வசனமாக வாசித்தோம். சீனாய் மலையில் மோசேக்குச் சொல்லப்படும் ஆசாரிய உடையின் விவரம் அது. இடைக்கச்சை, குல்லா, அங்கியின் கீழோரத்தில் பொன்மணி, கடைசியில் சல்லடம். ஒவ்வொரு சொல்லாக வர வர எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதல் பிரதான ஆசாரியனான ஆரோன் எங்கள் ஊர்க் கொடைக்கு வந்தவரைப் போலத்தான் இருந்திருப்பார் என்று நினைத்தேன். அன்று அதை யாரிடமும் சொல்லவில்லை.

1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி வெளியிட்ட பழைய தமிழ் வேதாகமம் அது. எபிரெயத்தில் தொடையை மூடும் அரைக்கால் உடுப்புக்கு ஒரு சொல் உண்டு. அதைத் தமிழில் சொல்லச் 'சல்லடம்' என்ற சொல்லை எடுத்திருக்கிறார்கள். அப்போது எதை நினைத்தார்களோ, தென்மாவட்ட வாசகன் காதில் அது சாமியாடியின் உடையாகத்தான் விழும். அதைப் பிழை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு மனிதர் ஒருவர் ஓர் உடுப்பைப் போட்டதும் ஊருக்காகத் தெய்வத்தின் முன்னும், தெய்வத்துக்காக ஊரின் முன்னும் நிற்பவராக மாறுகிறார். மோசேயின் ஐந்து நூல்களான தோரா பேசுவதும் அதைத்தான். யூத மரபின் பெருந்தொகுப்பான தல்மூதின் செவகீம் ஏட்டில் ரபீக்கள் என்னும் யூத அறிஞர்கள் அதை விதியாகவே சொல்லிவிட்டார்கள்: உடை மேலே இருக்கும்வரைதான் ஆசாரியத்துவமும் மேலே இருக்கும். உடையில்லாமல் பலிபீடத்தில் நின்றால் ஆரோனின் மகனும் அந்நியனே.

சாதாரண ஆசாரியனுக்கு நான்கு உடுப்பு: உள்சட்டை, இடைக்கச்சை, குல்லா, சல்லடம். பிரதான ஆசாரியனுக்கு மொத்தம் எட்டு. உள்சட்டை, கச்சை, சல்லடம் ஆகியவற்றோடு குல்லாவுக்குப் பதில் பாகை, பாகையின் முன்னால் நெற்றியில் படும் பொற்பட்டம், முழுக்க முழுக்க இளநீலத்தில் நெய்த அங்கி, அதன்மேல் ஏபோத்து, ஏபோத்தின்மேல் மார்ப்பதக்கம். செருப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எரியும் புதர் முன் மோசே செருப்பைக் கழற்றியதை நினைத்தால் காரணம் விளங்கும். பின்னாளில் ஆலயத்திலும் ஆசாரியர்கள் வெறுங்காலோடுதான் நின்றார்கள். கோயில் வாசலில் செருப்பை விட்டுப் பழகிய நமக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

ஏபோத்து எப்படி இருந்தது என்பதில்தான் பெரிய குழப்பம். பிரான்சில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி, குதிரையேறும் சீமாட்டிகள் பின்பக்கமாகக் கட்டிக்கொள்ளும் மேலாடையைப் போல இருந்திருக்கும் என்று தம் கண்முன் கண்ட உடையிலிருந்து ஊகித்தார். அவர் செய்ததைத்தான் கையாலைக்கு இந்தப் பக்கம் நின்ற சிறுவனும் செய்தான்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பொன், இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு, வெள்ளை என்று ஐந்து இழைகள். வெள்ளை இழை ஆளிச்செடியின் நாரிலிருந்து வருவது. தமிழில் ஓரிடத்தில் மெல்லிய பஞ்சுநூல் என்றும் இன்னோரிடத்தில் சணல்நூல் என்றும் ஆகிவிட்டது. வண்ண இழைகள் ஆட்டுமயிர்க் கம்பளி. பொன்னிழை செய்த முறையை 39ஆம் அதிகாரம் சொல்கிறது: பொன்னைத் தகடாக அடித்து, அந்தத் தகட்டை மெல்லிய சரடாக வெட்டி, மற்ற நூல்களோடு சேர்த்து நெய்தார்கள். உறைந்த ரப்பர் பால் ரோலரில் மாட்டித் தகடாகி வெளிவருவதைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு, கெட்டியான ஒன்றைத் துணிபோல மெலிய வைக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று தெரியும். பெசலெயேலும் அகோலியாபும் தலைமைக் கைவினைஞர்கள். நூலை நூற்றவர்களோ பெண்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை. நூற்கும் கைத்திறனை அறிவு என்றே அந்த நூல் சொல்கிறது.

கம்பளியையும் ஆளிநூலையும் கலந்து நெய்த துணியை இஸ்ரவேலன் உடுத்தக் கூடாது என்று லேவியராகமமும் உபாகமமும் தடுக்கின்றன. ஆனால் பிரதான ஆசாரியனின் ஏபோத்து அந்தக் கலப்பில்தான் நெய்யப்படுகிறது. மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைத்துத் தொங்கும் திரையும் அதே கலப்பு. மெனாகெம் ஹாரன் 1978இல் வெளியிட்ட ஆலய வழிபாட்டு ஆய்வில் இதைக் கூர்மையாகக் காட்டினார்: முற்றத்தில் வெண்கலம், உள்ளே போகப் போகப் பொன், முற்றத்தில் எளிய துணி, உள்ளே நெருங்க நெருங்க வண்ணமும் கலப்பும். அந்தப் படிநிலையே மனிதன் மேலும் ஏறுகிறது. பிரதான ஆசாரியன் உடுத்தி நடந்தால் ஆசரிப்புக் கூடாரமே எழுந்து நடப்பதுபோல. எபிரெயரிடையே கலப்புத் துணி இழிவு என்பதால் தடுக்கப்படவில்லை, புனிதம் என்பதால் தடுக்கப்பட்டது என்ற முடிவுக்கு இது நம்மைக் கொண்டுபோகிறது. இந்தக் கலப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு சிறு நூலில் அது திரும்ப வரும்.

இனி, இதற்கெல்லாம் என்ன பொருள் சொன்னார்கள்? முதலில் பேசியவர்கள் இதைப் பிரபஞ்சமாகப் பார்த்தார்கள். முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோவுக்கு இளநீல அங்கி காற்று, மாதுளம்பழம் தண்ணீர், தோள்மேல் இருக்கும் இரண்டு கற்கள் வானத்தின் இரு பாதிகள், மார்பின் பன்னிரண்டு கற்கள் ராசிமண்டலம். தாமே ஆசாரியக் குலத்தில் பிறந்த ஜோசிபஸ் இதையே சற்று மாற்றினார்: மணி இடிமுழக்கம், மாதுளை மின்னல், தோள்கற்கள் சூரிய சந்திரர். கிரேக்க ரோம உலகத்துக்குத் தம் மக்களின் வழிபாடு ஒரு சிறு இனத்தின் பழக்கமல்ல, உலகுக்கே செய்யும் வேண்டுதல் என்று சொல்ல வேண்டிய நெருக்கடி இருவருக்கும் இருந்தது. அழகான வாசிப்பு; ஆனாலும் தோராவின் சொற்களிலிருந்து அது எழவில்லை. அங்கே கற்களில் வெட்டப்பட்டிருப்பவை ராசிகளின் பெயர்களில்லை, மனிதர்களின் பெயர்கள்.

ரபீக்களின் வாசிப்பு இன்னும் கீழே இறங்கி மனிதனின் குற்றங்களுக்குள் வருகிறது. எட்டு உடைக்கும் எட்டுக் குற்றம். உள்சட்டை இரத்தப்பழிக்கு; யோசேப்பின் அங்கியை அண்ணன்மார் ஆட்டு இரத்தத்தில் தோய்த்தார்களே, அதற்காக. சல்லடம் முறைகேடான உறவுக்கு. பாகை அகந்தைக்கு: உயரத்தில் இருப்பது உயர்வு மனப்பான்மைக்கு நிவாரணம். கச்சை நெஞ்சின் நினைவுகளுக்கு, மார்ப்பதக்கம் நீதி தவறியதற்கு, ஏபோத்து விக்கிரக வழிபாட்டுக்கு, பட்டம் வெட்கமின்மைக்கு. மணி கட்டிய அங்கி புறம்பேசுவதற்கு. ஓசையால் செய்த குற்றத்துக்கு ஓசையோடு வரும் உடை. பலி நின்றுபோன காலத்தில் உட்கார்ந்து, இல்லாத உடைகளை இப்படி ஒவ்வொன்றாக மடித்து வைத்திருக்கிறார்கள். வாசிக்கும்போது இறந்தவரின் துணியை அடுக்கும் வீட்டாரின் கை நினைவுக்கு வருகிறது.

மணியைப் பற்றி அவர்கள் சொல்லும் இன்னொரு விளக்கம் எனக்கு மிக நெருக்கமானது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஓசை கேட்க வேண்டும், இல்லையேல் சாவான் என்று தோரா அச்சுறுத்துகிறது. லேவியராகமத்துக்கு ரபீக்கள் எழுதிய விளக்கமான மித்ராஷ் இதை மரியாதையாக வாசிக்கிறது: சொல்லாமல் கொள்ளாமல் யாருடைய வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது, தன் வீட்டுக்குள்ளேயும்கூட. எங்கள் ஊரில் முதியவர்கள் முற்றத்தில் கால் வைக்குமுன் ஒருமுறை செருமுவார்கள். உள்ளே இருப்பவர்கள் சுதாரித்துக்கொள்ளட்டும் என்பதற்காக. ஆரோனின் மணிச்சத்தம் அந்தச் செருமல்தான் என்றால் அது எவ்வளவு இங்கிதமான பயம்!

ஆனால் இந்த உடையின் மையம் மணியிலும் இல்லை, பொன்னிலும் இல்லை என்பது என் துணிபு. அது ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. 28ஆம் அதிகாரத்தைச் 'சும' என்ற வினைக்காக மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இரண்டு கோமேதகக் கற்களில் ஆறு ஆறாக இஸ்ரவேல் மக்களின் பெயர்களை வெட்டி ஏபோத்தின் தோள்துண்டுகளில் பதித்தபின், ஆரோன் அந்தப் பெயர்களைத் தோளில் சுமக்க வேண்டும். ஒரு சாண் சதுரமாக இரட்டை மடிப்பில் நெய்த பதக்கத்தில் மும்மூன்றாக நான்கு வரிசைக் கற்களைப் பதித்தபின், அதே பெயர்களை இருதயத்தின்மேல் சுமக்க வேண்டும். பதக்கத்துக்குள் ஊரீம், தும்மீம் என்ற தீர்ப்புச் சாதனங்கள். அதனால் மக்களின் நியாயத்தையும் சுமக்க வேண்டும். நெற்றிப் பட்டத்தில் ஆண்டவருக்கென்று பிரித்து வைக்கப்பட்டது என்னும் பொருளில் இரண்டே எபிரெயச் சொற்கள். அதை அணிந்தபடி மக்களின் காணிக்கைகளில் ஒட்டிய குற்றத்தையும் சுமக்க வேண்டும். நான்கு இடத்திலும் ஒரே வினை. பெருமைக்கும் அழகுக்கும் என்று தொடங்கும் அதிகாரம் பாரத்தை அடுக்கிக்கொண்டே போகிறது. கார்மென் ஐம்ஸ் 2018இல் எழுதிய ஆய்வில் ஆண்டவருடைய பெயரை வீணாகச் சுமக்காதே என்று பத்துக் கட்டளைகளில் வருவதும் இதே வினைதான் என்று காட்டி, நெற்றிப் பட்டத்தோடு அதை இணைக்கிறார். முழு மக்களும் சுமக்க வேண்டிய ஒன்றை ஒருவர் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி சுமந்து காட்டுகிறார்.

பெயர்கள் முதலில் தோளுக்கும் பிறகு நெஞ்சுக்கும் வருவதைக் கவனிக்க வேண்டும். தோள் பாரம் தூக்கும் இடம். சந்தைக்குச் சுமை தூக்கிப் போனவர்களின் வழிவந்த மாவட்டம் இது. சாலையோரத்துச் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் சில இடங்களில் நிற்கின்றன.

தோள் என்ற சொல்லைத் திருவிதாங்கூரின் பழைய கல்குளம் வட்டத்தில் எழுதிவிட்டு அப்படியே கடந்துபோக முடியாது. குலசேகரம் அந்த வட்டத்துக்குள் இருந்த ஊர். இங்கே நாடார் பெண்கள் மார்பையும் தோளையும் துணியால் மூடக் கூடாது என்ற வழக்கம் இருந்தது. ஆண்களின் வேட்டிக்கும் முழங்காலோடு எல்லை. 1810களில் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, மதம் மாறிய பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை அணியலாம் என்று அனுமதித்தார். குப்பாயம் சரி, ஆனால் அதற்கு மேலே தோளில் போடும் சீலை கூடாது. அது மேல்சாதிப் பெண்களின் அடையாளம். 1822இல் கல்குளம் பகுதியில் மூண்ட கலகம் 1827 முதல் 1829 வரை திரும்பவும் எரிந்தது. 1829 பிப்ரவரி 3ஆம் நாள் ராணி கௌரி பார்வதி பாயின் அரசாணை குப்பாயத்தை மட்டும் ஒப்புக்கொண்டு தோள்சீலையை மறுத்தது. சந்தைகளில் பெண்களின் துணி கிழிக்கப்பட்டது, ஆலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. 1858, 1859இல் மூன்றாம் முறை. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியனின் அழுத்தத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜா மேலுடம்பை மூட எல்லா நாடார் பெண்களுக்கும் அனுமதி தந்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். அறிவிப்பு பேசியது நாடார் பெண்களை மட்டும்; அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

எங்கள் வீட்டுத் தேக்குப் பெட்டியின் அடியில் ஒரு வெள்ளைக் குப்பாயம் கிடந்தது. கழுத்தோரத்தில் கைப்பின்னல் லேஸ். நாகர்கோவிலில் லண்டன் மிஷனின் மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த பின்னல் வழிவழியாக வந்தது. லேஸின் ஒவ்வொரு கண்ணும் மிளகளவுகூட இருக்காது. பாட்டி அதை உடுத்தி நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வெயிலில் போட்டு மடித்து வைப்பாள். 'இது கெடந்து படாதபாடு பட்டு வந்த துணியாக்கும்' என்பாள். அதற்குமேல் சொல்ல மாட்டாள்.

இந்தத் தோளோடு யாத்திராகமத்தின் தோளை வாசிக்கும்போதுதான் ஒன்று பிடிபடுகிறது. அதிகாரத்தின் உடை எங்கும் உண்டு. அது யார் மேலே, யார் கீழே என்று சொல்லும். எங்கள் நாட்டில் ஒருத்தியின் தோள் வெறுமையாக இருப்பதுதான் இன்னொருத்தியின் சீலைக்குப் பொருள் தந்தது. தோராவின் தோள்கற்களோ பன்னிரண்டு பெயரும் இல்லாமல் வெறுங்கல். மிகச் சிறிய கோத்திரத்தின் பெயர்கூட அங்கே இருந்தாக வேண்டும். பிறப்பு வரிசைப்படி வெட்டச் சொல்கிறது; செல்வாக்கு வரிசைப்படி அல்ல.

அதற்காக அந்த உடை யாரையும் விலக்கவில்லை என்று நான் எழுதினால் அது பொய்யாகும். ஆசாரியத்துவம் ஒரே வம்சத்துக்கு உரியது. பெண்களுக்கு இல்லை. உடலில் குறையுள்ள ஆரோன் மகனும் பலிபீடத்தை நெருங்கக் கூடாது என்று லேவியராகமம் 21 சொல்கிறது. நெருங்கும் அந்நியனுக்குச் சாவு. எண்ணாகமம் 16இல் கோராகு எழுந்து, சபை முழுவதும் பரிசுத்தம்தானே, நீங்கள் மட்டும் ஏன் உயர்ந்து நிற்கிறீர்கள் என்று மோசேயையும் ஆரோனையும் கேட்கிறான். பூமி பிளந்து அவனை விழுங்குகிறது. அவன் கதைக்கு ரபீக்கள் ஓர் உடைக்கதையைச் சேர்த்தார்கள்: கோராகு 250 பேருக்கு முழுக்க இளநீலத்தில் நெய்த மேலாடை உடுத்திக் கூட்டிவந்து, இதற்கும் ஒரு நீலநூல் தொங்கல் வேண்டுமா என்று மோசேயைக் கேட்டான். வேண்டும் என்றார் மோசே. கோராகின் கூட்டம் சிரித்தது. மரபு கோராகைக் கேலிக்காரன் என்று தள்ளிவிட்டது. கல்குளத்தில் பிறந்த என்னால் அவ்வளவு எளிதாக அவனைத் தள்ள முடியவில்லை. பிரதான ஆசாரியனின் அங்கிக்குரிய நிறத்தை 250 பேர் ஒன்றாக உடுத்தி வந்து நின்றதைப் படிக்கும்போது, தோளில் சீலை போட்டுச் சந்தைக்கு நடந்த பெண்கள்தான் கண்முன் வருகிறார்கள்.

அவன் கேட்ட தொங்கல் எது? கோராகு கதைக்குச் சற்று முன்னால், எண்ணாகமம் 15இன் கடைசியில் வருவது. ஒவ்வோர் இஸ்ரவேலனும் தன் ஆடையின் ஓரங்களில் தொங்கல் கட்டி, அதில் ஓர் இளநீல நூலைச் சேர்க்க வேண்டும். தெக்கேலெத் என்ற அந்த நீலம் பிரதான ஆசாரியனின் அங்கிக்கு உரிய அதே நிறம். நீலநூல் கம்பளி, ஆடையோ பெரும்பாலும் ஆளிநூல். அப்படியானால் தடுக்கப்பட்ட கலப்பு ஒவ்வொருவன் ஓரத்திலும் நான்கு முனையில் அனுமதிக்கப்படுகிறது. விவிலிய ஆய்வாளர் ஜேக்கப் மில்க்ரோம் இதிலிருந்து சொன்னது எனக்கு இந்த முழு விவாதத்திலும் மிகப் பெரிய வெளிச்சம்: தொங்கல் என்பது எல்லாரும் உடுத்தும் ஆசாரிய உடை, ஆசாரியரின் ராஜ்யமாக இருங்கள் என்று யாத்திராகமம் 19இல் முழு மக்களிடமும் சொன்னதைத் துணியில் கட்டி வைத்த முடிச்சு. கோராகு கேட்ட கேள்விக்குப் பதில் அவன் கேட்குமுன்பே அவன் ஆடை ஓரத்தில் இருந்தது.

அந்த நீலம் எளிதில் கிடைப்பதாகவும் இல்லை. மத்திய தரைக்கடலின் முள்சங்கு வகை நத்தைகளின் சுரப்பியிலிருந்து எடுக்க வேண்டும். 1909இல் பால் ஃபிரீட்லாண்டர் என்ற வேதியியலர் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் ஊதாச் சாயம் எடுத்துக் காட்டினார். அவ்வளவு அரிய சாயத்தில் ஒரு நூலாவது ஏழையின் ஆடையிலும் இருக்கட்டும் என்று சட்டம் சொல்கிறது. கூடவே ஏமாற்றும் வந்தது. அவுரி நீலம் கண்ணுக்குத் தெக்கேலெத் போலவே இருக்கும், விலையோ மலிவு. நம் நாட்டிலிருந்து மேற்கே போன சாயம் அது. அவுரியில் தோய்த்த நூலைத் தன் ஆடையில் கட்டிக்கொண்டு தெக்கேலெத் என்று சொல்பவனைத் தல்மூது கடுமையாக எச்சரிக்கிறது. காலப்போக்கில் சங்குச்சாயத் தொழில் அழிந்து, யூதர்கள் பல நூற்றாண்டுகளாக வெள்ளைத் தொங்கல் மட்டுமே கட்டினார்கள். 1980களில் ஓட்டோ எல்ஸ்னர் என்ற இஸ்ரேலிய வேதியியலர், சாயத்தொட்டியில் வெயில் பட்டால் ஊதா மறைந்து தூய நீலம் வருவதைக் கண்டபின்தான் சிலர் மறுபடி நீலநூல் கட்டத் தொடங்கினார்கள்.

உடையை அரசு பிடித்து வைத்த கதையும் எருசலேமில் உண்டு. ஏரோது பிரதான ஆசாரியனின் உடைகளை ஆலயத்தை ஒட்டிய அந்தோனியா கோட்டையில் வைத்துப் பூட்டினான். அவனுக்குப் பின் ரோமர்கள் அதைத் தொடர்ந்தார்கள். கல்லால் கட்டிய ஓர் அறைக்குள் முத்திரையிட்டு வைத்து, பண்டிகைக்கு ஏழு நாளுக்கு முன் வெளியே எடுத்துக் கொடுத்து, பண்டிகை முடிந்த மறுநாள் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்கிறார் ஜோசிபஸ். கி.பி. 36இல் ரோம ஆளுநர் விட்டேலியஸ் அவற்றை யூதர்களிடமே ஒப்படைத்தார். சில ஆண்டுகளில் ஆளுநர் ஃபாதுஸ் மறுபடி கேட்க, யூதர்கள் ரோமுக்குத் தூது போய்ச் சக்கரவர்த்தி கிளாதியுஸிடம் எழுத்தில் உரிமை வாங்கி வந்தார்கள். எருசலேமானாலும் திருவனந்தபுரமானாலும் அரசுக்குத் துணியின் மேல் இருந்த பயம் ஒன்றுதான்.

கி.பி. 70இல் ஆலயம் எரிந்ததோடு இந்த உடைகளை அணிய ஆளில்லாமல் போயிற்று. உடை அப்போது மனிதனிடமிருந்து புத்தகத்துக்கு மாறியது. ஜெபாலயங்களில் தோராச் சுருளுக்குத்தான் பிற்பாடு அங்கி உடுத்தினார்கள், கச்சை கட்டினார்கள். ஐரோப்பிய யூதர்கள் வெள்ளிப் பதக்கமும் மாட்டினார்கள். சுருளின் கோல்முனைகளில் செருகும் மணி கட்டிய வெள்ளி அணிகளுக்கு ரிம்மோனீம் என்று பெயர், மாதுளம்பழங்கள் என்று பொருள். இதைப் பார்க்க நமக்கு எருசலேம்வரை போக வேண்டியதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தின் சுருள்கள் உருளை வடிவ உறைக்குள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொற்கிரீடம் கொடுத்தவர் திருவிதாங்கூர் மகாராஜா. அந்தத் தலைமுறை முடியுமுன் அதே அரசின் தெற்கு மூலையில் தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்டார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு பக்கத்தில் எழுத எனக்குக் கை நடுங்குகிறது.

கிறிஸ்தவர்கள் முதலில் ஆரோனின் உடையை எடுத்துக்கொள்ளவில்லை. குருக்கள் ரோமத் தெருவில் எல்லாரும் உடுத்தியதையே உடுத்தினார்கள். பூசை உடுப்பின் மேலங்கி பயணிகளின் போர்வையிலிருந்து வந்தது. கி.பி. 428இல் போப் முதலாம் செலஸ்தீன், தென் கோல் நாட்டு ஆயர்கள் தனி உடையால் வேறுபட முயன்றதைக் கண்டித்து, போதனையாலும் வாழ்க்கையாலும்தான் வேறுபட வேண்டும் என்று எழுதினார். 9ஆம் நூற்றாண்டில் ரபானுஸ் மௌருஸ் போன்றவர்கள்தான் பூசை உடுப்பு ஒவ்வொன்றுக்கும் ஆரோனின் உடையில் இணை தேடினார்கள். அந்த இணைப்பு பிற்காலத்தது.

சுறியானித் திருச்சபைகளில் சொல்லே உறவைச் சொல்கிறது. மார்த்தாண்டம் மலங்கரைக் கத்தோலிக்க மறைமாவட்டம் 1996இல் உருவானது. குலசேகரம் பக்கத்து ஊர்களிலும் அதன் ஆலயங்கள் உண்டு. குர்பானாவுக்கு அச்சன் உடுத்தும் வெள்ளை நீளங்கி குத்தீனோ. ஆயரின் தலையுடை மஸ்னப்சா. ஆரோனின் உள்சட்டைக்கு எபிரெயத்தில் குத்தோனெத், பாகைக்கு மிஸ்னெஃபெத். சுறியானியும் எபிரெயமும் சகோதர மொழிகள். சொற்கள் ஒரே வேரின் கிளைகள். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கோயிலில் கோயில்பிள்ளை இஸ்திரி போட்டு வைக்கும் வெள்ளைத் துணியின் பெயரைச் சீனாய் மலையடிவாரத்தில் சொன்னாலும் பாதி புரிந்திருக்கும்.

குத்தோனெத் என்ற சொல் தோராவில் முதலில் வருவது ஆசாரியனுக்காக அல்ல. ஆதியாகமம் 3இல், ஏதேனைவிட்டு வெளியேற்றுமுன் கடவுள் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தோலால் செய்து உடுத்திய உடைக்கு அந்தப் பெயர். தாமே செய்து, தாமே உடுத்துகிறார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல், ஒரே உடை. ஆசாரிய உடை அதன் நீட்சி என்பது பழைய மித்ராஷ்களின் எண்ணம். பண்டைச் சுமேரியாவில் காணிக்கை ஏந்தி வருபவர்கள் அம்மணமாக நடப்பதை ஊருக் நகரக் கல்ஜாடியில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த உலகத்தில் தோரா தன் ஆசாரியனுக்குச் சல்லடம் தைக்கச் சொன்னது. மூடுவதே மரியாதை என்று அது நினைத்தது. எங்கள் பக்கத்து வழக்கம் வேறு: சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள், மனிதன் மூடி வைத்ததை இறைவன் முன் திறந்துவிடும் பணிவு அது. அய்யாவழித் தாங்கல்களில் ஆண்கள் மேலுடம்பு திறந்திருக்கத் தலையில் பாகை கட்டி வழிபடுகிறார்கள். தலைப்பாகை மறுக்கப்பட்ட மக்களுக்கு வைகுண்டர் (1809–1851) கட்டச் சொன்ன பாகை அது. குனிந்தே நடந்தவன் கடவுள் முன்னாலாவது நிமிர்ந்து நிற்கட்டும் என்பது அதன் கருத்து. நெற்றியில் வெள்ளை நாமம், அதற்கு மேல் பாகை. பட்டமும் பாகையுமாக நின்ற ஆரோனைப் பற்றி வாசிக்கும்போது நான் வைகுண்டரின் சாமித்தோப்பை நினைக்காமல் இருந்ததில்லை.

பொன்னுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆண்டுக்கு ஒருநாள், பாவநிவாரண நாளில், பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகிறான். அன்றுதான் அவன் மிகச் சிறப்பாக உடுத்துவான் என்று நாம் எதிர்பார்ப்போம். லேவியராகமம் 16 பொன்னுடையைக் கழற்றச் சொல்கிறது. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சல்லடம், வெள்ளைக் கச்சை, வெள்ளைப் பாகை, மணியில்லை, கல்லில்லை. பொற்கன்றுக்குட்டி செய்த பொன், குற்றஞ்சாட்டும் சாட்சி. அது வக்கீலாக உள்ளே வரக் கூடாது என்பது ரபீக்களின் விளக்கம். நகையைக் கழற்றிவிட்டு வெள்ளை உடுத்தி ஜெபத்துக்குப் போகும் பெந்தெகொஸ்தே சபையாரை ஞாயிறு காலையில் குலசேகரம் சந்திப்பில் நின்றால் பார்க்கலாம். அவர்களிடம் கேட்டால் வேறு வசனங்களைச் சொல்வார்கள். உள்ளே போகப் போக எளிமையாக வேண்டும் என்ற உணர்வு மட்டும் அந்த நாளின் வெள்ளையோடு சேர்ந்தது.

ஆசாரியன் சாகும்போது உடை அவனோடு போவதில்லை. எண்ணாகமம் 20இல் ஓர் என்னும் மலையில் ஆரோனின் உடைகளை மோசே ஒவ்வொன்றாகக் கழற்றி மகன் எலெயாசாருக்கு உடுத்துகிறார். அதற்குப் பிறகுதான் ஆரோன் சாகிறார். தோள்கற்களும் பெயர்களும் இறங்கி வருகின்றன. சுமந்தவர் மலையிலேயே தங்கிவிடுகிறார்.

அப்படியே நைந்துபோன துணிகளை என்ன செய்தார்கள்? தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னாவின் சுக்கா ஏடு சொல்கிறது. கூடாரப் பண்டிகை இரவுகளில் ஆலயத்தின் பெண்கள் முற்றத்தில் உயரமான பொன்விளக்குத் தண்டுகள் நிற்கும். ஒவ்வொன்றின் உச்சியிலும் நான்கு பொற்கிண்ணம், ஏறிச் செல்ல நான்கு ஏணி, எண்ணெய்க் குடத்தோடு நான்கு ஆசாரிய வாலிபர்கள். திரிக்கு அவர்கள் கிழித்தது ஆசாரியர்களின் பழைய சல்லடங்களையும் இடைக்கச்சைகளையும். அந்த வெளிச்சம் எருசலேமின் முற்றம் ஒவ்வொன்றிலும் விழுந்தது. தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தபடியே ஒரு பெண் அந்த வெளிச்சத்தில் கோதுமை பொறுக்கலாம் என்று தல்மூது எழுதி வைத்திருக்கிறது.